வாசம் வருதா?

"ஏய், கீழ வா! வாசம் பார்த்துச் சொல்லிட்டுப் போ!"

தினமும் காலையில் டாக்ஸிக்காரன் போடுகிற இந்தச் சத்தத்தில்தான் அந்தக் கட்டடமே கண் விழிக்கும். டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு, மூன்றாம் மாடியை அண்ணாந்து பார்த்தபடி நிற்பான்.

லிஃப்ட் கிடையாது. அவன் மனைவி படி இறங்கி வந்து டிக்கிக்குள் தலையை நீட்டுவாள். பெட்ரோல் காரைக் கேஸுக்கு மாற்றியபோது வைத்த டேங்க் உள்ளே இருக்கும். மூச்சை இழுத்துப் பார்ப்பாள்.

"ஒண்ணும் வரலைங்க."

"டியூப் பக்கம்?"

"அங்கயும் வரலை."

"பானெட்டைத் திறந்து வச்சிருக்கேன். முன்னாடியும் பார்த்துடு."

தரைத்தளத்து ஜன்னலுக்குப் பின்னால் இருக்கும் தையல்கார அக்காவுக்கு இதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும்.

நிறைமாதமாக ஆஸ்பத்திரிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பி வந்தவள் அவன் மனைவி. ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வந்த நாளிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடந்தாள். அப்படிப்பட்டவளைப் போய் இவன் மாடி ஏறி இறங்க வைக்கிறானே, மனுஷனா இவன்?

அன்றைக்குத் தூறல் வேறு. அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, "வரலை" என்றாள்.

"எதுக்கும் ஜாயின்ட்ல சோப்புத் தண்ணி வச்சுப் பார்த்துடலாம். மேல போய் எடுத்துட்டு வா."

அவள் மறுபடி ஏறினாள். மறுபடி இறங்கினாள். நுரையை ஒவ்வொரு ஜாயின்டாகத் தடவி, குமிழி கிளம்புகிறதா என்று குனிந்து பார்த்தாள்.

"ஃபில்டரை மாத்துங்கன்னு மெக்கானிக் சொன்னாரே, மாத்தினீங்களா? தலையை மட்டும் நல்லா ஆட்டுறீங்க."

"மாத்திடுறேன், மாத்திடுறேன்."

பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, இன்ஜின் சூடானதும் கேஸுக்கு மாற்றினான். அவள் காதைக் கொடுத்துக் கேட்டாள். "ம், இப்ப சத்தம் சரியா இருக்கு."

"அப்படியே முக்குக் கடையில பால் வாங்கிட்டு வந்துடேன்."

அவள் தூறலில் நடந்தாள். அக்காவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

"ஏம்பா, ஒண்ணு கேக்குறேன், கோச்சுக்காதே. உனக்கு மூஞ்சியில மூக்குன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

அவன் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினான். "இருக்குக்கா. சும்மா அழகுக்கு. நடுவுல ஒரு காய்ச்சல் வந்துச்சே, அதோட வாசனையெல்லாம் போயிடுச்சு. பூக்கடையும் சாக்கடையும் எனக்கு ஒண்ணுதான்."

"அதுக்கு?"

"கேஸ் வண்டிக்கு மூக்குதானேக்கா காவல்காரன்? கசிஞ்சா வாசத்தை வச்சுத்தான் முதல்ல தெரியும். என் மூக்கு வேலை செய்யலை. அவ மூக்கைக் கடன் வாங்குறேன்."

அக்காவின் கோபம் பொசுக்கென்று இறங்கிவிட்டது.

"அடப் பாவமே! தெரியாம வாயை விட்டுட்டேன்ப்பா. டாக்டர்கிட்ட காட்டினியா?"

ஏதோ சொல்ல வாயெடுத்தவன் சட்டென்று நிறுத்தி, தலையைத் திருப்பினான்.

"அக்கா, உங்க வீட்டுல துணி பொசுங்குது! இஸ்திரிப் பெட்டியை அணைச்சீங்களா?"

"ஐயையோ!"

அக்கா உள்ளே ஓடினாள். ரவிக்கையின் ஒரு கை கருகிப் புகைந்துகொண்டிருந்தது. ஸ்விட்சை அணைத்து, துணியை உதறி, தண்ணீர் தெளித்து மூச்சு வாங்கினாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கருகின ரவிக்கையும் கையுமாக வெளியே வந்தாள்.

"வாசனையே தெரியாதுன்னியே?"

அவன் கையும் களவுமாகப் பிடிபட்டவன் போலப் பிடரியைச் சொறிந்தான். தெருவை எட்டிப் பார்த்தான். அவன் மனைவி கடைக்காரரிடம் பால் பாக்கெட்டை நீட்டி, ஓட்டை இருக்கிறது, வேறு கொடுங்கள் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"அவகிட்ட சொல்லிடாதீங்கக்கா" என்றான் தணிந்த குரலில். "சினிமாவுக்குக் கூப்பிட்டேன், அம்மா வீட்டுக்குக் கூப்பிட்டேன். எதுக்கும் அசையலை. படியில பார்க்குறவங்க எல்லாம் குழந்தையைப் பத்தியே கேக்குறாங்க, நான் வாசலைத் தாண்ட மாட்டேன்னு அழுதா. ஒரு நாள் சும்மா சொல்லிப் பார்த்தேன். எனக்கு வாசனை போச்சு, கேஸ் கசிஞ்சாக்கூடத் தெரியாதுன்னு. செருப்புகூடப் போடாம ஓடி வந்தாக்கா."

அக்கா கருகின ரவிக்கையைக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

படியில் நிறுத்திக் கேட்டவர்களில் முதல் ஆள் அவள்தான். 'எப்படிம்மா ஆச்சு? டாக்டர் என்ன சொன்னாரு?' என்று அடுத்த வீட்டுக்காரியையும் வைத்துக்கொண்டு கேட்டாள். அனுசரணையாகப் பேசியதாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

பாலோடு திரும்பிய பெண், வாசலில் அக்காவைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு வேகமாகப் படியை நோக்கி நடந்தாள்.

"ஏம்மா, நில்லேன்."

அவள் நின்றாள். என்ன கேட்கப் போகிறாளோ என்று முகம் சுருங்கியது.

கரண்ட் போன இருட்டிலும் ஒரே குத்தில் நூல் கோக்கிற தையல்கார அக்கா, கண்ணைக் கசக்கிக்கொண்டாள்.

"வரவர எனக்குக் கண்ணே சரியாத் தெரிய மாட்டேங்குது. தினமும் இவன் வண்டியைப் பார்த்துட்டு, எனக்கும் ஊசியில கொஞ்சம் நூல் கோத்துக் குடுத்துட்டுப் போறியாம்மா?"