நல்லம்மாள் சொன்ன பெயர்

“உனக்கு இஞ்ச ஆர் இருக்கினம், பிள்ளை?”

போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகக் கொட்டகையில் மேசை போட்டு உட்கார்ந்து பெயர் எழுதிக்கொண்டிருந்த கிராணி கந்தையா, கப்பல் பட்டியலிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார். காலையிலிருந்து அவர் எல்லோரிடமும் கேட்ட கேள்வி அது.

நல்லம்மாள் மேசைக்கு முன்னால் நின்றாள். மூன்று வயது மகள் அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அது 1931ஆம் வருடம். ரப்பர் விலை விழுந்துவிட்டது. தோட்டங்களில் முதலில் கூலியைக் குறைத்தார்கள், பிறகு ஆளைக் குறைத்தார்கள். வேலையில்லாதவர்களை வைத்துச் சோறு போடுவதைவிட நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றிவிடுவது மலிவு என்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. வேலையில் இருக்கும் புருசனோ அப்பனோ வந்து பொறுப்பேற்றால் மட்டும் பெயரை அடித்துவிடுவார்கள்.

சொந்த ஊருக்குத் திருப்பி அனுப்புகிறோம் என்றுதான் தோட்டத்தில் சொன்னார்கள். நல்லம்மாள் பிறந்தது இந்த நாட்டிலேயே, மேரு தோட்டத்து லயத்தில். பெற்றவர்கள் இருவரையும் அங்கேதான் புதைத்தாள். கடலையே இன்றைக்குத்தான் பார்க்கிறாள். நாகப்பட்டினத்தில் இறங்கி எந்தப் பக்கம் நடப்பது என்றுகூட அவளுக்குத் தெரியாது.

கொஞ்ச நேரமாகவே ஒருவன் வரிசை நெடுக ஒவ்வொரு பெண்ணின் முகமாகப் பார்த்தபடி வந்துகொண்டிருந்தான். ஓடி வந்திருக்க வேண்டும். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மேசைக்கு அருகில் வந்ததும் நின்றுவிட்டான்.

“ஆருமே இல்லையோ?” கந்தையா பேனாவை மையில் தொட்டார்.

“நான் இருக்கேங்க” என்றான் அவன். “என் பொஞ்சாதிங்க. நான் பிரிக்பீல்ட்ஸ்ல, ரயில்வேல வேல பாக்குறேன். லீவு குடுக்கல. அதான் வர நேரமாயிடுச்சு.”

நல்லம்மாள் திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் கண்கள் சிவந்திருந்தன. அழுதிருக்கிறான்.

அவள் குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள். ஒரு அடி நகர்ந்து, அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

கந்தையா இப்போதுதான் தலையைத் தூக்கினார். அவருடைய பார்வை அவளுடைய வெறும் கழுத்தில் ஒரு கணம் நின்றது. அந்த வருடம் எத்தனையோ பெண்களின் தாலி அடகுக் கடையில் கிடந்தது. அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

“உன்ர புருசன்ர பேர் என்ன?”

பெண்ணின் வாயாலேயே கேட்டு எழுத வேண்டும் என்பது உத்தரவு. பொய் சொல்லிப் பெண்களைக் கூட்டிப்போகிறவர்களும் இருந்தார்கள்.

நல்லம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“கட்டுனவன் பேர அவ எப்பிடிங்க சொல்லுவா?” பின்னால் நின்ற ஒருத்தி கேட்டாள். அந்த வரிசையில், கப்பலேறப் போகும் அந்த வேளையிலும், இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

கந்தையாவுக்கும் சிரிப்பு வந்தது. அவருடைய மனைவி பூரணத்துக்கும் பதினெட்டு வருடமாக அவர் வெறும் ‘இஞ்சாருங்கோ’தான். அவனைப் பார்த்துக் கையை நீட்டினார். அவன் வேலைச் சீட்டைக் கொடுத்தான். அவர் அதைப் பார்த்து எழுதிக்கொண்டு, பட்டியலில் நல்லம்மாளின் பெயரை அடித்தார்.

“கூட்டிக்கொண்டு போ. கவனமாப் பார்.”

அவன் அவளுடைய மூட்டையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். அவள் பின்னால் போனாள். பின்னால் கப்பல் ஊதியது. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ரயிலடியில் மூட்டையை அவள் காலடியில் இறக்கி வைத்துவிட்டு, அவன் நாலு எட்டுத் தள்ளிப் போய் நின்றான்.

நல்லம்மாள்தான் முதலில் பேசினாள்.

“உங்க பேரு என்னங்க?”

“கன்னையா.”

பிறகு அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “எங்க அக்காவத் தேடி வந்தேங்க. ரவாங் தோட்டத்துல இருந்துச்சு. போன வாரக் கப்பல்லயே ஏத்திட்டாங்கன்னு வரிசையில சொன்னாங்க.” சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “எங்க லைன் வீடுங்கள்ல புஷ்பவல்லின்னு ஒரு அம்மா தனியா இருக்காங்க. நீங்களும் பாப்பாவும் அவங்களோட தங்கிக்கலாம். இல்ல, வேற எங்கயாவது போகணும்னாலும் கொண்டுபோய் விடுறேன்.”

அப்பனைப் பறிகொடுத்திருந்த குழந்தை விழித்துக்கொண்டு அவனையே பார்த்தது.

“கன்னையா” என்று நல்லம்மாள் ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அடுத்த தை மாதத்துக்குப் பிறகு, சாகும்வரை, அவள் அந்தப் பெயரைச் சொல்லவே இல்லை.