மனசு அடங்கினால் பூ

"மனசு அடங்கினால் கணினி தானே பூ வரையும், இசை அமைக்கும்!"

ஓவியரின் இந்த விளம்பரத்தைப் பார்த்துத்தான் கண்காட்சியில் அத்தனை கூட்டம். திரை முன் உட்கார்ந்த ஒவ்வொருவருக்கும் ஒரு புதுப் பூ விரிந்தது. புது இசை எழுந்தது.

அவர் மனைவிக்கு மட்டும் ஒருநாளும் விரிந்ததில்லை.

"முதல்ல வாயை அடக்கு. மனசு தானா அடங்கும்" என்பார், நாலு பேர் முன்னால். அவள் கூனிக் குறுகிப் போவாள்.

இன்று ஒரு பெரியவர் கேட்டார்: "உங்களுக்கு எப்படி விரியுதுன்னு பாக்கலாமா சார்?"

ஓவியர் மென்று விழுங்கினார். "நான் எழுந்தா கம்ப்யூட்டரை யார் பாத்துக்கறது?"

"நான் எதுக்கு இருக்கேன்? போங்க!" மனைவி கணினி மேசைக்குப் பின்னால் இருந்த அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

ஓவியர் திரை முன் அமர்ந்தார். ஒன்றும் விரியவில்லை. கூட்டம் கிசுகிசுத்தது. எழப் பார்த்தார்.

"உட்காருங்க. உங்களுக்கு இன்னும் மனசு அடங்கலை" என்றாள் கனிவாக.

உண்மையைச் சொல்ல வாயெடுத்தவர், கூட்டத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

நேற்று மேசைக்கு அடியில் பெருக்கும்போதுதான், பூவை விரிய வைக்கும் அந்தக் கால் சுவிட்ச் அவள் கண்ணில் பட்டது. இப்போது அதிலிருந்து காலை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டாள்.