கண்ணாடிக்காரர் தேர்ந்தெடுத்த கார்

“கலர் சரியில்லைங்க” என்றாள் மனைவி.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்குச் சுருக்கென்றது. அப்போதுதான் அந்தச் சிவப்புக் காரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு, வயதில் இருபதைக் குறைத்துக்கொண்டு இறங்கியிருந்தார். ஏழு வருஷப் பழசுதான். ஆனால் மிதித்தால் சீறுகிறது. கையில் இருக்கிற காசுக்கு இப்படி ஒன்று கிடைப்பதே பெரிய விஷயம்.

“சிவப்புக்கு என்ன குறைச்சல்?”

“என்னமோ, பார்க்க ஒட்டலை. வேண்டாமே.”

விற்கிறவரை வைத்துக்கொண்டு சண்டை போட முடியுமா? “யோசிச்சுச் சொல்றோம்” என்று அசடு வழிந்துவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

கல்லூரி நாளிலிருந்தே வேகமான கார் என்றால் அவருக்கு உயிர். கடை, கல்யாணம், மகள் படிப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்ததில் அந்த ஆசை ஓரமாக ஒதுங்கிவிட்டது. இப்போது மகள் வேலைக்குப் போய்விட்டாள். புதுசு வாங்கக் கட்டுப்படியாகாது. பழசில் நல்லதாக, வேகமாக, அதே சமயம் தினமும் கடைக்குப் போய்வரத் தோதாக ஒன்று வேண்டும். எதில் இழுவை அதிகம், எதற்கு உதிரிபாகம் சல்லிசு, எது பெட்ரோலைத் தண்ணீராகக் குடிக்கும் என்று இரண்டு மாதமாகத் தேடித் தேடித் தெரிந்து வைத்திருந்தார்.

அவளோ வீட்டில் திரைச்சீலையும் சோபா உறையும் தைத்துக் கொடுக்கிறவள். என்ஜின் முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்று கேட்டாலே யோசிப்பாள் என்பது அவர் கணக்கு.

அடுத்த வாரம் ஒரு கறுப்புக் கார். இவர் ஓட்ட, விற்கிறவர் பக்கத்தில் இருக்க, அவள் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தாள். திருப்பத்தில் கார் ரோட்டைக் கவ்விப் பிடித்துக்கொண்டு போனது.

“எப்படி?” என்றார், இறங்கின உடனே.

“உள்ள ஒரு மாதிரி வாடை அடிக்குதுங்க.”

“பழைய கார்னா கொஞ்சம் அடிக்கத்தான் செய்யும். ரெண்டு நாள் கண்ணாடிய இறக்கி விட்டா போயிடும்.”

“எனக்குத் தலை சுத்துது. இது வேண்டாம்.”

அன்றைக்கு வீட்டுக்குள் கால் வைத்ததும் பிடித்துக்கொண்டார்.

“தினமும் ஓட்டப் போறது நானா, நீயா? நான் பிக்கப் பார்க்கறேன், பிரேக் பார்க்கறேன். நீ கலர் பார்க்கறே, வாசனை பார்க்கறே. நாம கார் வாங்கறோமா, சோப்பு வாங்கறோமா?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கோபப்படாதீங்க. இன்னும் ஒண்ணு ரெண்டு பார்ப்போம். உங்க கண்ணுக்கு நல்லதா ஒண்ணு மாட்டாமலா போயிடும்?”

மூன்றாவது காரைப் பார்த்ததுமே அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. பழுத்தும் பழுக்காத எலுமிச்சை மாதிரி, மஞ்சளும் இல்லாமல் பச்சையும் இல்லாமல் ஒரு நிறம். இது இவளுக்கு எங்கே பிடிக்கப் போகிறது?

வந்ததற்கு ஓட்டியாவது பார்ப்போம் என்று உட்கார்ந்தார். ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்டது. மேட்டில் மூச்சு வாங்காமல் ஏறியது. குண்டும் குழியுமான தெருவிலும் முதுகைப் பதம் பார்க்கவில்லை. திரும்பி வரும்போது முகமெல்லாம் பல்.

அவள் காரை ஒருமுறை சுற்றி வந்தாள். கதவைத் திறந்து உள்ளே குனிந்தாள். நிமிர்ந்தாள்.

“உங்களுக்குப் பிடிச்சிருக்கா?”

“எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா கலர்…” என்று இழுத்தார்.

“கலர் அருமையா இருக்கு. பேசி முடிச்சிடுங்க.”

இந்தப் பெண்கள் ரசனையே தனி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, அவள் மனசு மாறுவதற்குள் பேசி முடித்தார்.

அதற்குப் பிறகு அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. தினமும் கால் மணி நேரம் முன்னாலேயே கடைக்குப் போய்விடுவார். பார்வை சோதிக்க வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, எழுத்தைப் படிக்கச் சொல்வதற்கு முன் கார் கதையைத்தான் ஆரம்பிப்பார்.

“பழைய கார் வாங்கறதுக்கு ஒரு கண்ணு வேணும் சார்.”

இரண்டு மாதம் கழித்து ஆயில் மாற்ற மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். அவர்களுடைய ஸ்கூட்டரைப் பல வருஷமாகப் பார்க்கிறவர்தான். காருக்கு அடியிலிருந்து வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“நல்ல வண்டி சார். இன்னும் பத்து வருஷத்துக்குக் கவலையில்லை.”

“சும்மாவா? அலசி எடுத்ததாச்சே. எங்க வீட்டம்மாவுக்குக் காரைப் பத்தி என்ன தெரியும்? சிவப்புக் காரைக் காட்டினா கலர் சரியில்லைன்னா. கறுப்பைக் காட்டினா வாடை அடிக்குதுன்னா.”

மெக்கானிக் சிரிக்கவில்லை.

“அந்த ரெண்டுல எதை வாங்கியிருந்தாலும் இந்நேரம் தலையில துண்டுதான் சார். சிவப்புல கதவு ஒரு சிவப்பு, பானெட் வேற ஒரு சிவப்பு. பெருசா அடிபட்டு மாத்தினது. கறுப்பு வெள்ளத்துல முங்கினது. மிதியடிக்குக் கீழ சேத்து வாடை போகவே போகாது.”

“அந்தக் கார்களை நீங்க எங்க பார்த்தீங்க?”

“நான் எங்க பார்த்தேன்? மேடம் ஒவ்வொண்ணையும் பார்த்துட்டு வந்து போன்ல சொன்னதுதான். நீங்க கார் தேட ஆரம்பிச்சதுமே இங்க வந்து, எதை எதைப் பார்க்கணும்னு அரை நாள் உட்கார்ந்து கேட்டுக்கிட்டுப் போனாங்க.”

கண்ணாடிக்காரர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகு நேரம் துடைத்தார்.

“இதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“நானும் அதைத்தான் கேட்டேன் சார். ‘எங்களுக்காக இத்தனை வருஷம் தள்ளிப் போட்ட ஆசை. இந்த ஒண்ணாவது அவரே பார்த்து, அவரே வாங்கினதா இருக்கட்டும்’னாங்க.”