சட்டத்தில் இல்லாத மகன்

மகன் உயிரோடு இருந்தால் விதவை உதவித்தொகை கிடையாது என்று துறை இயக்குநர் ஒரு விதி போட்டார். செங்கமலத்தின் மகன் வீட்டை விட்டுப் போய்ப் பதினோரு வருஷம். "செத்துட்டான்னு எழுதிக் குடுத்துடும்மா, வேலை முடிஞ்சிடும்" என்றார்கள் அலுவலகத்தில். அவள் எழுதிக் கொடுக்கவில்லை, வழக்குப் போட்டாள்.

"இந்த நிபந்தனை சட்டத்தில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார் நீதிபதி.

"சட்டத்தில் இல்லை. ஆனால் விதி வகுக்கும் அதிகாரம் இயக்குநருக்கு உண்டு" என்றார் அரசு வழக்கறிஞர்.

"எப்படிக் கொடுப்பது என்று வகுக்கலாம். சட்டம் கொடுத்ததை இல்லையென்று சொல்ல அவர் யார்?"

விதி ரத்தானது, மாநிலம் முழுவதற்கும்.

வெளியே வந்ததும் செங்கமலம் தன் வக்கீல் ஆரிபாவிடம் அந்தச் சட்டத்தைக் காட்டச் சொன்னாள். பள்ளிக்கூட நோட்டைவிட மெல்லிய புத்தகம். ஆரிபா ஒரு வரியைப் படித்தாள்: "கணவனை இழந்த வறிய பெண் ஒவ்வொருவருக்கும்."

"மகனைப் பத்தி?"

"ஒரு வார்த்தைகூட இல்லம்மா."

செங்கமலம் விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு அந்த வரியைத் தொட்டாள்.

"இதை எழுதினவங்களுக்கு என்னை எப்படிம்மா தெரியும்?"