மூன்று பேர் பாதை

“யோவ் ஹாலிஸ், பெட்ரோல் வரியை ஏத்தினா யார் தலையில விழும்? பணக்காரன் அவன் பாட்டுக்கு ஓட்டுவான். பின்னால உட்கார்ந்திருக்காளே மார்லா, இவ தலையிலதான் விழும்!”

“அம்மா தாயே, நீ சட்டம் போட்டுச் சிக்கனமான காரா செய்யச் சொன்னா மட்டும்? கொஞ்சம் பெட்ரோல்லயே ஓடுதேன்னு, ஐஸ்கிரீம் வாங்க ரெண்டு தடவை கூடப் போவான். பர்ஸைக் கடிச்சாத்தான் மனுஷன் திருந்துவான்!”

“சட்டம் போட்டாத்தான் திருந்துவான்!”

பின் சீட்டில் மார்லா காதைப் பொத்திக்கொண்டாள். மனாசஸ் ஊரிலிருந்து வாஷிங்டன் வரை தினமும் இதே கச்சேரி. மூன்று வருடமாகக் கேட்கிறாள்.

காரை ஓட்டும் லோர்னா, வண்டிகளுக்கு விதிமுறை எழுதும் அரசு அலுவலகத்துக்காரி. பக்கத்தில் ஹாலிஸ், வரி விஷயத்தில் பெரிய நிபுணர். இருவருக்கும் வயது அறுபதைத் தாண்டியாயிற்று. குணம் மட்டும் ஆறைத் தாண்டவில்லை.

ஆனாலும் மார்லாவுக்கு இவர்களை விட்டால் வேறு கதி இல்லை. காரில் மூன்று பேர் இருந்தால்தான் விரைவுப் பாதையில் விடுவார்கள். அதில் போனால்தான் சாயங்காலம் ஆறு மணிக்குள் மகள் ஐவியைக் காப்பகத்திலிருந்து கூட்டிவர முடியும். ஏற்கெனவே இரண்டு முறை தாமதமாகிவிட்டது. மூன்றாவது முறை ஆனால் ஐவியின் இடம் வேறு குழந்தைக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் மார்லாவின் வேலையும் கோவிந்தாதான்.

அன்றைக்குக் காலையில் சண்டை எல்லை மீறிப் போனது.

“உன் சட்டப் புத்தகத்தைத் தூக்கவே ஒரு லாரி வேணும், லோர்னா! அந்த லாரி எவ்வளவு பெட்ரோல் குடிக்கும்னு யோசிச்சியா?”

வாஷிங்டனுக்குள் நுழைந்ததும் முதல் சிக்னலில் லோர்னா பிரேக்கை ஒரு மிதி மிதித்தாள். “இறங்குய்யா கீழ!”

“இறங்கறேன். நாளையிலேர்ந்து உன் கார்ல கால் வைக்க மாட்டேன்!”

“ரொம்ப சந்தோஷம்!”

கதவு படாரென்று சாத்தப்பட்டது. மார்லா முகம் வெளுத்து, மூடிய கதவையே பார்த்தாள்.

‘வறட்டுக் கௌரவம் பிடித்த ஜென்மங்கள்! இவர்கள் வாய்ச்சண்டைக்கு என் குழந்தையா பலி?’

மதியம், வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியில் அரை மணி அனுமதி வாங்கிக்கொண்டு, ஒரு பெட்டி டோனட்டோடு ஹாலிஸைச் சமாதானப்படுத்த அவர் அலுவலகத்துக்கு ஓடினாள்.

வாசலில் காவலாளி தலையைச் சொறிந்தார். “ஹாலிஸா? அவர் ரிடையர் ஆகி மூணு மாசம் ஆச்சேம்மா!”

மார்லாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அதே ஓட்டமாக லோர்னாவின் அலுவலகத்துக்குப் போனாள்.

வரவேற்பில் இருந்த பெண் சிரித்தாள். “லோர்னா கிறிஸ்துமஸுக்கே ரிடையர் ஆயாச்சு. அவ பார்ட்டியில கேக் சாப்பிட்டு நான் ஏத்தின வெயிட்டை இன்னும் இறக்க முடியல!”

தினமும் காலையில் இஸ்திரி போட்ட சட்டையும் சாப்பாட்டுப் பையுமாக வருகிறார்களே, இரண்டு பேரும் எங்கேதான் போகிறார்கள்?

திரும்பும் வழியில் பூங்காவில் விடை கிடைத்தது. ஒரே பெஞ்சு. ஒரு சாண்ட்விச்சை ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

‘ஓஹோ, கதை அப்படிப் போகிறதா!’ மார்லாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டோனட் பெட்டியோடு மரத்துக்குப் பின்னால் பதுங்கிக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

காதலாவது கத்திரிக்காயாவது! அங்கேயும் அதே வரி, அதே சட்டம். வாயில் சாண்ட்விச் இருந்ததால் சத்தம் மட்டும் கொஞ்சம் குறைவு.

திடீரென்று லோர்னாவின் குரல் தணிந்தது. “காலையில அந்தப் பொண்ணு முகம் வெளுத்துப் போச்சுய்யா. பாவமா இருந்துச்சு. நாளைக்கு வருவேல்ல?”

“வராம எங்க போவேன்? ஏதோ கோவத்துல உளறிட்டேன்” என்றார் ஹாலிஸ். “செப்டம்பர்ல ஐவி பள்ளிக்கூடம் போயிடும். அங்க ஏழு மணி வரைக்கும் பார்த்துப்பாங்க. அதுவரைக்கும் நாம ரெண்டு பேரும் வேலைக்குப் போய்த்தானே ஆகணும்?”