ரொட்டிக்குள் இருந்த குழந்தை

“குழந்தையோட கால் எவ்வளவு தடிமன் இருக்கும்?” என்று கேட்டார் டாக்டரம்மா.

“நாலு மில்லிமீட்டர்,” என்றான் எவெலியோ. “கையைத் தனியாச் சொல்ல முடியாது. உடம்போட ஒட்டினது.”

அவர் கேட்டது ரொட்டிக்குள் வைக்கும் பிளாஸ்டிக் குழந்தையைப் பற்றி. எவெலியோவின் சொந்தக் குழந்தை நெரேயா, ஒன்றரை வயது, அவன் மனைவி ஒபேலியாவின் தோளில் அழுது ஓய்ந்து கிடந்தாள்.

அன்று மூன்று ராஜாக்கள் திருநாள். மெக்சிகோவின் கேரேத்தாரோ நகரில் வீட்டுக்கு வீடு வளைய ரொட்டி வெட்டுவார்கள். யார் துண்டில் பொம்மை அகப்படுகிறதோ, அவர்தான் பிப்ரவரியில் குடும்பம் மொத்தத்துக்கும் தமாலே என்ற சோளமாவுக் கொழுக்கட்டை வாங்கித் தர வேண்டும். இந்த வருடம் ரொட்டி தீர்ந்தும் பொம்மையைக் காணோம். கேட்டால் எல்லாரும் கையை விரித்தார்கள். அப்போதுதான் வாய் நிறைய ரொட்டியோடு நெரேயா இருமினாள்.

“எக்ஸ்ரேல பிளாஸ்டிக் தெரியாது,” என்றார் டாக்டரம்மா. “எவ்வளவு பெரிசுன்னு தெரிஞ்சா நல்லது. அதே மாதிரி இன்னொரு பொம்மை இருக்கா?”

“பொம்மை இல்ல. அச்சு இருக்கு.” கிளம்பும்போதே கையோடு எடுத்து வந்த லேப்டாப்பைத் திறந்தான் எவெலியோ.

அந்தப் பொம்மைக்கு அச்சு வரைந்தவனே அவன்தான். திரையில் ஓர் இரும்புக் கட்டை. அதற்குள் குழந்தை வடிவத்தில் ஒரு குழி. கொள்ளளவு என்ற இடத்தைத் தட்டினான். ஒரு கன சென்டிமீட்டர்கூட வரவில்லை.

“ஆறினதும் பிளாஸ்டிக் இன்னும் கொஞ்சம் சுருங்கும்,” என்றான்.

போன வருடம் வரை அந்தக் குழி பெரியது. பொம்மை இரண்டு கையையும் விரித்துக்கொண்டு இருக்கும். எந்தப் பிள்ளையின் தொண்டைக்குள்ளும் போகாது. முதலாளிதான், “குழியச் சுருக்குப்பா, பிளாஸ்டிக் மிச்சம்,” என்றார். எவெலியோ கைகளை உடம்போடு ஒட்டினான், தலையைக் குறைத்தான், கொள்ளளவு பாதியானதைப் பார்த்துச் சந்தோஷமும் பட்டான். தன்வினை தன்னைச் சுடும் என்பார்கள். பெற்ற பிள்ளையைச் சுட வேண்டுமா?

“நீதான அதச் சின்னதாக்கின?” என்றாள் ஒபேலியா. எவெலியோ லேப்டாப்பை மூடினான்.

ரொட்டி வெட்டிய வீட்டிலிருந்து கூட வந்தது ஒபேலியாவின் அண்ணன் நிகானோர் மட்டும்தான். எச்சில் கையால் காக்கை ஓட்டாத ஆள். இன்று டாக்சிக்குக் காசு கொடுத்தது அவன்தான். சாப்பாடு என்றால் முதல் ஆளாக உட்காருகிறவன், தங்கை நீட்டிய காபியைக்கூட வேண்டாம் என்று தள்ளிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றான். மாமன் பாசம் என்றால் இதுவல்லவா என்று எவெலியோவுக்குக் கண் கலங்கியது.

“மயக்க மருந்து குடுத்து, மூச்சுக் குழாய்க்குள்ள கேமரா விட்டுப் பாத்துடலாம்,” என்றார் டாக்டரம்மா. “சின்னப் புள்ள. ஆபத்தே இல்லன்னு சொல்ல மாட்டேன்.”

“கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாமா?”

“வயித்துல இருந்தா பொறுக்கலாம், தானா வெளிய வந்துடும். மூச்சுக் குழாய்ல இருந்தா என்ன பண்ணுவீங்க? கையெழுத்துப் போடுங்க.”

எவெலியோ பேனாவை வாங்கினான். எத்தனையோ குழிகளைக் கணக்குப் போட்டவனுக்கு, மகளின் தொண்டைக்குள் என்ன இருக்கிறது என்று கணக்குப் போட வழி தெரியவில்லை. நர்ஸ் நெரேயாவைத் தூக்கினாள். குழந்தை அப்பாவைப் பார்த்துக் கையை நீட்டியது.

பேனா தாளைத் தொட்டது. அப்போது பின்னாலிருந்து நிகானோர் அவன் மணிக்கட்டைப் பிடித்தான். இன்னொரு கை வயிற்றைவிட்டு எடுபடவில்லை.

“தமாலே நான் வாங்கித் தரேன், மாப்ள.”