ஒரு பிடி கிளே

“யூலியானா! புகை வருது, ஓடி வாரும்!”

குசினிக்குள் இருந்து சர்மிதா போட்ட சத்தத்தில், முன்னறையில் காதணிகளுக்குக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்த யூலியானா எல்லாவற்றையும் பாயில் கொட்டிவிட்டு ஓடினாள். எரிந்த பிளாஸ்டிக் நாற்றம் மூக்கில் அடித்தது. வயரைப் பிடுங்கி, யன்னல்களைத் திறந்துவிட்டு, சின்ன மின்சார ஓவனுக்குள் எட்டிப் பார்த்தாள். தட்டில் ஒரு கரிக்கட்டி.

“அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. எத்தினை தரம் கதவைத் திறந்தனீங்கள்?”

“ஒரு… நாலைஞ்சு தரம். வெந்திட்டுதோ எண்டு பார்க்கத்தான்.”

“இது என்ன பிட்டே, மூடியைத் திறந்து திறந்து பார்க்க? நீங்கள் திறக்கச் சூடு இறங்கும். இறங்கின சூட்டைப் பிடிக்க மேல் கம்பி நெருப்பாய்ச் சிவக்கும். பிறகு கருகாமல் என்ன செய்யும்?”

சர்மிதா கரிக்கட்டியைக் கையில் எடுத்து, உருட்டி உருட்டிப் பார்த்தாள். சுட்டால் இறுகுகிற பிளாஸ்டிக் களிதானே, பொலிமர் கிளே, அதில் ஒரு கட்டி போனதற்கு இப்படியா முகம் வாடும் என்று யூலியானாவுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

சர்மிதா நயினாதீவுக்காரி. வள்ளம் ஏறி, குறிகட்டுவானில் பஸ் பிடித்து, அல்லைப்பிட்டியில் இறங்கி யூலியானாவிடம் கிளே வேலை படிக்க வருகிறாள். இது மூன்றாவது தடவை. மற்றப் பெண்கள் வந்தால் பூவும் மயிலும் செய்து பழகுவார்கள். இவள் ஒன்றும் செய்வதில்லை. கிளேயை உள்ளங்கையில் வைத்து ஒரு அமுக்கு அமுக்குவாள். அதை அப்படியே சுடுவாள். அவ்வளவுதான்.

முதல் நாளே சண்டை. பழகுகிறவர்களுக்கு மிருதுவான கிளேதான் நல்லது என்று யூலியானா எடுத்துக் கொடுத்தாள். சர்மிதா கைப்பையிலிருந்து நிறம் மங்கிய பழைய உறை ஒன்றை எடுத்து நீட்டினாள். சுவிசிலிருந்து அண்ணை கொண்டுவந்ததாம்.

“இதேதான் வேணும். இதே பச்சை. இதுக்கு எவ்வளவு சூடு எண்டதைத்தான் நான் பழகோணும்.”

கொழும்பில் சொல்லி வைத்து அதை எடுப்பித்துக் கொடுப்பதற்குள் யூலியானாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

இப்போது புதுக் கட்டி ஒன்றைப் பிரித்தபடி, பல நாளாக மனத்தில் கிடந்ததைக் கேட்டுவிட்டாள்.

“ஒண்டு கேட்டால் கோவிக்க மாட்டியளே? நயினாதீவிலை கடை போடப் போறியளோ? அங்கை ஒரு கடைக்கு நான்தான் காதணி குடுக்கிறனான்.”

சர்மிதா முதல் தடவையாகச் சிரித்தாள்.

“கொழுக்கட்டை மாதிரிப் பிடிச்சு வைச்சால் ஆர் காதிலை போடுவினம்? பயப்பிடாதையும். எனக்கு ஒண்டே ஒண்டுதான் சுடோணும். அது பிழைச்சால் திருப்பிச் செய்ய ஏலாது. அதுக்குத்தான் இந்தப் பாடு.”

யூலியானாவின் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. அதற்குப் பிறகு கை தாராளமாகியது. கட்டியின் மேல் அலுமினியத் தாளைக் கூடாரம் போல் கவிழ்த்தாள். ஓவனுக்குள் வைக்கிற தேமோமீற்றரைக் கொண்டுவந்து வைத்தாள்.

“ஓவன் சொல்லுற சூட்டை நம்பாதேங்கோ, இது சொல்லுறதைப் பாருங்கோ. நூற்றிமுப்பது. முடிஞ்சாலும் கதவைத் தொடக் கூடாது. தானாய் ஆறோணும்.”

இருவரும் ஓவனுக்கு முன்னால் கதிரை போட்டு, பிளேன்ரீ குடித்தார்கள்.

“பிள்ளையள் இருக்கினமோ அக்கா?”

“மகன் ஒருத்தன். நாலு வயசு.”

“சரியான குழப்படியோ?”

“கேக்காதையும். கையிலை என்ன கிடைச்சாலும் அமுக்கிப் பார்க்கோணும். பாண், வாழைப்பழம், தகப்பன்ரை பற்பசை… ஒண்டையும் விடான்.”

சொல்லும்போது அவளுடைய விரல்கள் மடியில் மெல்ல மூடித் திறந்தன. அவளது கண் ஓவன் கண்ணாடியை விட்டு நகரவில்லை. கதவை ஒரு தடவையும் தொடவில்லை.

ஆறியபின் எடுத்த கட்டி பச்சை மாறாமல் இருந்தது. வெடிப்பில்லை. சர்மிதா அதை வெளிச்சத்தில் பிடித்தாள்.

“கைவரி அழியேல்லையே? வடிவாய்ப் பாரும்.”

“ஒரு வரியும் அழியேல்லை. அதை அழிக்கத்தான் அக்கா எல்லாரும் மண் ஒட்டின கடதாசி போட்டுத் தேய்க்கிறவை!”

சர்மிதா எழுந்து பிரிட்ஜைத் திறந்தாள். காலையில் வந்ததும் வராததுமாக அவள் உள்ளே வைத்த சின்ன ரெஜிபோம் பெட்டி, ஐஸ் போட்டு மீன் வைக்கிற வெள்ளைப் பெட்டி, அங்கே இருந்தது. “நண்டோ, றாலோ?” என்று அப்போது யூலியானா பகிடி விட்டிருந்தாள்.

மூடியைத் திறந்தாள். துணிக்குள் துணி. அதற்குள் அதே பச்சையில் ஒரு பிடி கிளே, சுடாதது. ஐந்து குட்டி விரல்களின் பள்ளம். ஒரு பக்கத்தில் நகம் பட்ட கீறல் கூட அப்படியே, நேற்றுப் பிடித்தது போல.

“மகன் பிடிச்சதோ!” யூலியானாவின் முகம் மலர்ந்தது. “இதுக்கோ இவ்வளவு பயந்தனீங்கள்? பிழைச்சால்தான் என்ன, அடுத்த முறை அவனையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. நாலு வயசுப் பிள்ளை, கேட்டால் இன்னும் பத்துப் பிடிச்சுத் தருவானே!”

சர்மிதா அந்தப் பள்ளங்களைத் தொடாமல், அவற்றுக்கு மேலே தன் விரல்களைப் பிடித்தாள்.

“எட்டு வருஷமாய் அவனுக்கு நாலு வயசுதான், யூலியானா.”